திருப்பிச் சொன்னவர்

திங்கட்கிழமை காலை தொலைபேசியில் வில்லெமின் பெயரைப் பார்த்ததுமே எர்மினியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நல்ல செய்தி என்றால் அந்த மனிதர் கடிதம் எழுதுவார். கெட்டதைத்தான் வாயால் சொல்லுவார்.

"எர்மினியா, உங்க பெட்டியில ஒண்ணும் தேறலம்மா," என்றார்.

"தேறலன்னா? பதிவுத் தட்டு ஏதும் உடைஞ்சு போச்சா?"

"தட்டெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. பதிவும் இருக்கு. ஆனா மத்த ஏழு பேரோடயும் ஒட்டவே மாட்டேங்குது. ஏப்ரல் பதினொண்ணு காலையில ஒம்பதே முக்கால்ல இருந்து கடைசி வரைக்கும், பூரா வெறும் இரைச்சல்."

வில்லெம் ஐரோப்பாவில் ஒரு நிலவறையில் உட்கார்ந்து வேலை செய்பவர். எர்மினியாவின் சிலே நாட்டுப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டவர் என்பதால் துறைமுகத்துக்காரர்களைப் போல ஸ்பானிஷ் பேசுவார். உலகத்தில் எட்டு மூலைகளில் இருக்கும் எட்டு வானொலித் தொலைநோக்கிகளின் பதிவுகளும் அவரிடம்தான் வந்து சேரும்.

எட்டுப் பேரும் கேட்டது ஒரே இடத்தை. நம் பால்வீதியின் நட்டநடுவில், நாற்பது லட்சம் சூரியன்களின் எடையோடு உட்கார்ந்திருக்கும் கருந்துளை. அதிலிருந்து ஒளி வராது. விழப்போகிற வாயு விழுவதற்கு முன்னால் சுற்றிச் சுற்றி எரிகிறதே, அந்த வளையத்தையும் அதன் நடுவில் கிடக்கும் நிழலையும் மட்டும்தான் பார்க்க முடியும். அதுவும் இங்கிருந்து பார்த்தால் நிலாவில் வைத்த ஓர் ஆரஞ்சுப் பழம் அளவுதான். அதற்குப் பூமி அளவுக்கு ஒரு தொலைநோக்கி வேண்டும். அப்படி ஒன்றைக் கட்ட முடியாதென்பதால் எட்டு இடங்களில் ஒரே நேரத்தில் கேட்டு, கேட்டதை எல்லாம் நொடி பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கிறார்கள். அதனால் ஒவ்வோர் இடத்திலும் ஓர் அணுக் கடிகாரம் இருந்தது. பதிவு மலை மலையாக இருப்பதால் கம்பி வழியே அனுப்ப முடியாது. தட்டுகளில் ஏற்றி, பெட்டியில் அடுக்கி, விமானத்தில் அனுப்புவார்கள். தென்துருவத்துப் பெட்டிகள் குளிர்காலம் முடியும்வரை பனியிலேயே கிடக்கும். ஆகவே ஏப்ரலில் கேட்டதை வில்லெம் ஒட்டிப் பார்ப்பதற்கு டிசம்பர் ஆகிவிட்டது.

"நேரம்தான் எங்கயோ பிசகியிருக்கு," என்றார் வில்லெம். "முன்னால அறுபது நொடி, பின்னால அறுபது நொடி தேடிப் பாத்துட்டேன். அதுக்கு மேல எங்கன்னு போய்த் தேடறது? உங்க குறிப்பேட்டுல நேரத் திருத்தம் முப்பத்தேழு நொடின்னு இருக்கு. ரெண்டு டிக்கும் இருக்கு."

"இருக்கு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கச் சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் ஏழு பேரோட படத்தை முடிச்சிருவாங்க. மொத மூணு நாளும் எங்கயாவது ஒரு மூலையில மழை. நமக்குன்னு இருக்கறது அந்த ஒரு நாள்தான். அதுவும் சேரலன்னா உங்க இடத்துக்காரங்க பேரு பட்டியல்ல வராது." கொஞ்சம் தயங்கினார். "எவரிஸ்தோ பேரும் வராது. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் எர்மினியா.

யோசிக்க என்ன இருந்தது? எட்டு மாதமாகக் குறிப்பேட்டில் இல்லாத ஓர் எண் அவளுக்குள் முள்ளாகச் சிக்கிக் கிடந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பாள்.

மேலே, தொலைநோக்கி இருக்கும் மலையில், ஐயாயிரம் மீட்டர் உயரத்தில், மனிதனுக்குப் பாதி மூளைதான் வேலை செய்யும். இதை யாரும் வெட்கப்பட்டு மறைப்பதில்லை. அதற்காகவே அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த எண்ணையும் ஒருவர் தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கருவியில் தட்ட வேண்டும். பிறகு குறிப்பேட்டில் 'வாசித்தவர்', 'திருப்பிச் சொன்னவர்' என்று இரண்டு கட்டங்களிலும் அவரவர் கையால் டிக் போட வேண்டும். திருப்பிச் சொல்பவர் ஒரு தடவை தவறினால் அவர் விரலில் கிளிப்பை மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இரண்டு தடவை தவறினால் பார்க்கவும் வேண்டாம், பேசவும் வேண்டாம், வேலையைப் போட்டுவிட்டு அவரை வண்டியில் ஏற்றிக் கீழே இறக்க வேண்டும். படத்தை விட ஆள் முக்கியம் என்று பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டுவது சுலபம்.

பதினோரு வருடம் எர்மினியா வாசித்தாள், எவரிஸ்தோ திருப்பிச் சொன்னான். தாமிரச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு மேலே வந்தவன். வாய் ஓயாத ஆள். அவன் மகள் யெசேனியாவுக்கு எர்மினியாதான் ஞானத்தாய். அந்த உறவில் அவன் மனைவி தொமித்தீலா அவளைக் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவாள். ஊரில் அது கூடப் பிறந்த உறவுக்குச் சமம்.

யெசேனியாவின் ஒன்பதாவது பிறந்தநாளில், முற்றத்தில் இறைச்சி வெந்துகொண்டிருந்தபோது, கருந்துளைக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று அவள் அப்பாவைக் கேட்டாள். எவரிஸ்தோவுக்குக் கேட்க வேண்டுமா, கிடுக்கியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்துவிட்டான்.

"இப்ப நான் விழறேன்னு வெச்சுக்கோ. உன் ஞானத்தாய் வெளிய நின்னு பாக்கறாங்க. நான் கையாட்டறேன். அடுத்த தடவை ஆட்டறது அவங்களுக்குக் கொஞ்சம் மெதுவாத் தெரியும். அதுக்கடுத்தது இன்னும் மெதுவா. கடைசில நான் விளிம்புல கையைத் தூக்கிட்டு அப்படியே நிக்கற மாதிரி இருக்கும். செவந்து, மங்கி, அவ்வளவுதான். நான் உள்ள போனதை அவங்க பாக்கவே முடியாது."

"நிஜமா நிப்பியா?"

"எங்க நிக்கறது? நான் எப்பவோ போயிருப்பேன். அங்க கோடு எதுவும் போட்டிருக்காது. காப்பி குடிச்சிட்டே தாண்டிருவேன், தாண்டினதே எனக்குத் தெரியாது."

"கூப்பிட்டா கேக்குமா?" என்று தொமித்தீலா ரொட்டியை நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நீ கத்தறது உள்ள வரைக்கும் கேக்கும், கவலைப்படாத. நான் சொல்றதுதான் வெளிய வராது."

"அது வீட்டுலயும் அப்படித்தான்," என்றாள் தொமித்தீலா. எல்லோரும் சிரித்தார்கள்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி காலை எவரிஸ்தோவுக்குச் சளி. மேலே போகும் வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தான். "நீ வராம இருந்திருக்கலாம்ல?" என்று அவள் கேட்டதற்கு, "மூக்குதான் ஒழுகுது எர்மி, மூளை ஒழுகல," என்றான். பதிவின் நான்காவது நாள். எட்டு இடத்திலும் வானம் சுத்தம். எட்டு இடத்திலிருந்தும் 'தயார், தயார்' என்று செய்தி வந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு காலை இனி ஒரு வருடத்துக்குக் கிடைக்காது.

எட்டே முக்காலுக்கு அவள் ஓர் எண் வாசித்தாள். அவன் வேறு ஏதோ சொன்னான். அவள் முகத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை. மறுபடி வாசித்தாள், சரியாகச் சொன்னான். ஒன்பது மணிக்கு இன்னொன்று. முதலில் பேசாமல் இருந்தான், பிறகு தப்பாகச் சொன்னான், பிறகு திருத்திக்கொண்டான். கிளிப் மேசையில்தான் இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில். ஒன்பதே முக்காலுக்குப் பதிவுக் கருவியை நிறுத்தித் திரும்ப ஓட்ட வேண்டியிருந்தது. அப்படி ஓட்டும்போது அணுக் கடிகாரத்துக்கான நேரத் திருத்தத்தை மீண்டும் தட்ட வேண்டும்.

"திருத்தம், முப்பத்தேழு," என்று வாசித்தாள்.

"இருநூத்திப் பதினாலு," என்றான் எவரிஸ்தோ.

"முப்பத்தேழு, மனுஷா," என்றாள்.

"சரி எர்மி. அதேதான்."

அவன் முதுகு அவளுக்கும் திரைக்கும் நடுவில் இருந்தது. எழுந்து போய்ப் பார்க்க நான்கடி. அவள் போகவில்லை. வானம் சுத்தமாக இருந்தது, ஏழு பேர் காத்திருந்தார்கள். அவன் பேனாவைத் தேடிக்கொண்டே இருந்ததால் 'திருப்பிச் சொன்னவர்' கட்டத்தில் அவளே டிக் போட்டாள். அன்று அப்படி மூன்று டிக் போட்டாள்.

பன்னிரண்டரைக்குக் கருந்துளை மேற்கே இறங்கியது, வேலை முடிந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது எவரிஸ்தோ நாற்காலியிலேயே இருந்தான், கையில் ஆறிப்போன காப்பி. எழுந்திருக்கச் சொன்னாள். எழுந்தவன் சுவரில் போய் மோதினான். ஆக்சிஜனை மாட்டி, வண்டியில் தூக்கிப் போட்டு, ஓட்டாத ஓட்டமெல்லாம் ஓட்டினாள். பாதி மலையில் அவன் மூச்சு நின்றது. மூளையில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். முன்கூட்டியே அறிகுறி எதுவும் இருந்ததா என்று ஒரு தாளில் கேட்டிருந்தார்கள். 'இல்லை, திடீரென்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதை நினைத்தால்தான் அவளுக்கு இப்போதும் அருவருப்பாக இருந்தது.

இப்போது வில்லெமுக்கு ஓர் எண் வேண்டும். சொன்னால் அந்தக் காலை முழுவதும் உயிர்பெற்றுவிடும், அவன் பெயர் நிற்கும். ஆனால் குறிப்பேட்டில் எதைத் திருத்தினாலும் ஏன் என்று எழுதியாக வேண்டும். அவன் பார்க்காமல் தட்டிவிட்டான், நான் கவனிக்கவில்லை என்று எழுதலாம். செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அந்த வாக்கியத்தை மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் 'சரி எர்மி' என்று சொல்லித் தொலைத்தான்.

புதன் மாலை தொமித்தீலாவிடமிருந்து செய்தி வந்தது. 'கொமாத்ரே, அந்தப் படம் எப்ப வரும்? அப்பா பேரு வரும்னு யெசேனியா பள்ளிக்கூடம் பூரா சொல்லி வெச்சிட்டா. நீங்க புது வீட்டுக்கு வரவே இல்ல. பேக்கரிக்கு அடுத்த சந்து, நீலக் கதவு. வாங்க.'

வியாழக்கிழமை பிற்பகல் எர்மினியா கீழே கலாமா நகரத்துக்குப் போனாள். புதுக் குடியிருப்பு. எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே தகரக் கூரை, ஒரே தூசி. மார்ச் மாதம் இந்த வீடு கிடைத்தபோது எவரிஸ்தோ ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினான், காது வலித்தது. அவனை அடக்கம் செய்தது மலையடிவாரத்தில் அவன் அப்பாவின் ஊரில். அதனால் அவள் இந்தப் பக்கம் வர நேர்ந்ததில்லை. நேராதபடி பார்த்துக்கொண்டாள் என்பதுதான் நிஜம். பேக்கரியைத் தாண்டி, நீலக் கதவின் முன் நின்று, மணியை அழுத்தக் கையைத் தூக்கினாள்.

கதவில் வெள்ளைப் பெயின்டில், கொஞ்சம் கோணலாக, கையால் எழுதிய எண் இருந்தது. 214.

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. யாரும் பார்க்கவில்லை. அதற்குள் ஜன்னலில் தலை தெரிந்தது.

"கொமாத்ரே," என்றாள் தொமித்தீலா. "வெயில்ல நின்னு என்ன பண்றீங்க? உள்ள வாங்க."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மேசையில் ரொட்டியும் வெண்ணெய்ப்பழமும் இருந்தன. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எர்மினியா உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். நின்றபடியே சொன்னாள். எட்டே முக்கால், ஒன்பது, ஒன்பதே முக்கால், மேசை மேல் கிடந்த கிளிப், மூன்று டிக், பொய்க் கையெழுத்து, வெள்ளிக்குள் எண் கேட்கும் வில்லெம். எதையும் விடவில்லை, எவரிஸ்தோ சொன்ன எண்ணைத் தவிர.

தொமித்தீலா அடுப்பை அணைத்தாள். கைகளைத் துணியில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மூணு மணி நேரம்," என்றாள் கடைசியில்.

"ஆமா."

"மூணு மணி நேரம் அவன் அங்க உக்காந்துட்டு இருந்திருக்கான்."

"இருக்கற மாதிரிதான் இருந்துச்சு."

"முப்பத்தேழுக்குப் பதிலா என்ன சொன்னான்?"

எர்மினியா வாசல் கதவுப் பக்கம் பார்த்தாள்.

"கேக்கறேன்ல? என்ன நம்பர் சொன்னான்?"

"இருநூத்திப் பதினாலு."

தொமித்தீலா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே பேக்கரிக்காரன் தட்டுகளை இறக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கே சில சமயம் மறந்துரும் அந்த நம்பர்," என்றாள். "டாக்சிக்காரன்ட்ட பேக்கரிக்குப் பக்கம்னுதான் சொல்லுவேன். அவன்தான் பெயின்ட் வாங்கிட்டு வந்து எழுதினான். வாசல்ல போய் நின்னு பாத்துட்டு வந்து, திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லுன்னு பிள்ளைய உசுர வாங்கினான்." துணியை மடித்து மேசை மேல் வைத்தாள். "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு உன்ட்ட சொல்லியிருக்கான், எர்மினியா."

கொமாத்ரே என்ற சொல் போய்விட்டது. அது போனதை இரண்டு பேருமே கவனித்தார்கள்.

"நீ என்ன சொன்ன?"

"முப்பத்தேழு, மனுஷான்னு சொன்னேன்."

"அதுக்கு அவன்?"

"சரி எர்மி, அதேதான்னான்."

"சொல்லுவான். யார் மூஞ்சியும் சுண்டக் கூடாது அவனுக்கு." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாத அழுகை. எர்மினியா ஓரடி எடுத்து வைத்தாள். தொமித்தீலா கையைத் தூக்கி, வராதே என்றாள்.

உள்ளே இருந்து சொல்வது வெளியே வராது என்று எவரிஸ்தோ சொன்னது எர்மினியாவுக்கு நினைவு வந்தது. அது கருந்துளைக்குச் சரி. அவன் சொன்னது வெளியே வந்தது. தெளிவாக, கைக்கெட்டும் தூரத்தில், கதவு எண்ணோடு வந்தது. கேட்டவள் சரியில்லை.

"போன் போடு," என்றாள் தொமித்தீலா.

"யாருக்கு?"

"அந்த வெள்ளைக்காரனுக்கு. நம்பரைச் சொல்லு. இங்கயே, என் காதுபடச் சொல்லு."

வில்லெம் உடனே எடுத்தார். எர்மினியா தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்தாள்.

"தட்டினது முப்பத்தேழு இல்ல. இருநூத்திப் பதினாலு. அவருக்கு அப்பவே முடியாமப் போயிருந்தது, எனக்குத் தெரியும். டிக் போட்டது நான். பூராவும் எழுதித் தர்றேன்."

வில்லெம் வழக்கப்படி, "இருநூத்திப் பதினாலு," என்று திருப்பிச் சொன்னார்.

"ஆமா," என்றாள் எர்மினியா. "அதேதான்."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. கால் மணி நேரம் ஆகும், இருங்கள் என்றார். இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கெண்டியில் தண்ணீர் ஆறியது. அந்த நிலவறையில் எவரிஸ்தோவின் காலை நூற்று எழுபத்தேழு நொடி நகர்ந்து, மற்ற ஏழு காலைகளோடும் போய்ப் பொருந்திக்கொண்டிருந்தது.

"ஒட்டிருச்சு," என்றார் வில்லெம். "சுத்தமா ஒட்டிருச்சும்மா. பளிச்சுன்னு இருக்கு."

"அப்படின்னா என்ன?" என்று கேட்டாள் தொமித்தீலா.

"எவரிஸ்தோ பதிஞ்சது பூரா கெடச்சிருச்சாம்."

"இப்பத்தானா," என்றாள் தொமித்தீலா.

பிள்ளை வருவதற்குள் போய்விடு என்று சொல்லி அவளே வாசல்வரை வந்தாள். கதவில் கை வைத்தபடி நின்றாள்.

"பேரு வரும்ல?"

"வரும்."

"உன் பேருமா?"

"ஆமா."

"பக்கத்துல பக்கத்துலயா?"

"குடும்பப் பேரோட எழுத்து வரிசைப்படி போடுவாங்க. அவன் கோல்கே, நான் பானிரே. நடுவுல நூறு பேராவது இருப்பாங்க."

"நல்லது," என்றாள் தொமித்தீலா. "அப்படியே இருக்கட்டும்."

நீலக் கதவு சாத்திக்கொண்டது. எர்மினியாவின் முகத்துக்கு நேரே அந்த எண் இருந்தது. கடைசி எண்ணில் பெயின்ட் கொஞ்சம் வழிந்து காய்ந்திருந்தது.

"இருநூத்திப் பதினாலு," என்று வாய்விட்டு வாசித்தாள்.

கொஞ்ச நேரம் நின்றாள். திருப்பிச் சொல்ல ஆளில்லை.